அல்சாஸ் வைன் சாலை: ஐந்து பேர், ஒரு கார், மூன்று நாள் (வழி, சாப்பாடு, ஓட்டுபவர் கணக்கு)

#1 நாலுவழிச்சாலை

செப்டம்பர் கடைசி வாரம். வெள்ளி காலை முதல் ஞாயிறு மாலை வரை. லண்டனிலிருந்து இரண்டு பேர், சூரிக்கிலிருந்து இரண்டு பேர், சென்னையிலிருந்து ஒருவர். பாசல் விமான நிலையத்தில் கார் எடுத்து அங்கேயே திருப்பிக் கொடுக்கிறோம். இரண்டு பேர் சைவம். ஒருவர் குடிக்க மாட்டார், ஆனால் அவருக்கு லைசென்ஸ் இல்லை!

கிழக்குப் பிரான்ஸின் அல்சாஸ் ஒயின் சாலையில் போட்டிருக்கும் திட்டம்: வெள்ளி தெற்கு முனையான டான் நகரத்திலிருந்து கொல்மார். சனி கொல்மாரிலிருந்து வடக்கு முனை மார்லன்ஹைம். ஞாயிறு திரும்பல். ஒரு நாளைக்கு நாலு ஒயின் நிலவறை (ஒயின் செய்பவரிடமே சுவைத்து வாங்கும் இடம்). மொத்தமே 170 கி.மீ. தானே, போதாதா?

#2 கொல்மார்வாசி

அந்த 170-ஐப் பார்த்துத்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். 1953-ல் திறந்துவைத்தது முதல் இந்தப் பாதை ஊர்களைக் கோத்துக்கொண்டு போவது. ஊர்களைச் சுற்றிக்கொண்டு போவதில்லை. ஊருக்குள் 50, பல இடத்தில் 30. ஊருக்கு வெளியே பொதுவாக 80. எங்கும் நிற்காமல் ஓட்டினாலே அரை நாள் போய்விடும். அறுவடை நேரமென்றால் முன்னால் திராட்சைத் தொட்டி ஏற்றிய டிராக்டர் ஒன்று எப்போதும் இருக்கும். முந்த இடம் கிடைக்காது.

நடுப்பகுதியை மட்டும் எடுங்கள். பெர்கைம், ரிபோவில்லே, உனாவீர், ரிக்வீர், கேசர்ஸ்பெர்க், டுர்க்ஹைம், எகிஸ்ஹைம். ஏறத்தாழ 35 கி.மீ. மூன்று நாளும் கொல்மாரில் ஒரே இடத்தில் தங்கலாம். எகிஸ்ஹைம் 7 கி.மீ., ரிக்வீர் 13 கி.மீ. தினமும் பெட்டி தூக்கி இறக்குகிற வேலை மிச்சம்.

நேரம் முக்கியம். ரிக்வீரும் எகிஸ்ஹைமும் பதினொரு மணிக்குப் பிறகு சுற்றுலாப் பேருந்துகளின் கையில். காலை ஒன்பதரைக்குள் போங்கள், அல்லது மாலை ஐந்துக்கு மேல். ரிக்வீரில் காரை மதிலுக்கு வெளியேதான் நிறுத்த வேண்டும், கட்டணம் உண்டு. மெஷினில் வண்டி எண்ணை அடிக்கச் சொல்லும், வாடகைக் காரின் எண்ணை போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பழைய ஊர்களுக்குள் பல சந்திகளில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. அது ஒரு முடுக்காக இருந்தாலும் சரி, பலகையே இல்லாவிட்டாலும் சரி. லண்டன்காரர்கள் இதில்தான் இடிபடுவார்கள்.

#3 ரைன்கரை

கொல்மார்வாசியோடு பாதிதான் ஒத்துப்போக முடியும். நடுப்பகுதி அழகு, மறுக்கவில்லை. எகிஸ்ஹைம் 2013-லும் கேசர்ஸ்பெர்க் 2017-லும் பெர்கைம் 2022-லும் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் 'நாட்டுக்குப் பிடித்த ஊர்' என்று தேர்வானவை. கூட்டம் வேறெங்கே போகும்?

வடக்குப் பகுதியில், ஓபெர்னேக்குச் சற்றுத் தெற்கே, மிட்டல்பெர்கைம், ஆண்ட்லோ, டம்பாக் என்று வரிசையாக இருக்கின்றன. அதே மரச்சட்ட வீடுகள், அதே மலைச்சரிவு, கூட்டம் மட்டும் குறைவு. மிட்டல்பெர்கைமின் ஸோட்ஸன்பெர்க் தோட்டத்துக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. அல்சாஸில் கிராண்ட் குரு என்ற உயர்தகுதி பெற்ற 51 தோட்டங்களில், சில்வானேர் என்ற வெள்ளைத் திராட்சைக்கும் அந்தத் தகுதியைக் கொடுத்தது அதற்கு மட்டும்தான். மற்ற இடங்களில் சில்வானேர் என்றால் சாதாரண மேசை ஒயின் என்று ஓரங்கட்டிவிடுவார்கள்.

ஸ்த்ராஸ்பூர் வழியாக வருபவர்களாக இருந்தால் வடக்கைத்தான் சொல்வேன். பாசலில் இறங்குவதால் மட்டும் நடுப்பகுதிக்குச் சம்மதம். வரைபடம் உங்களை ஏ355 புறவழியில் தள்ளினால் அதற்குச் சுங்கம் உண்டு என்பது நினைவிருக்கட்டும். பாசலிலிருந்து கொல்மார் வருகிற ஏ35 இலவசம்.

#4 அரைகிளாஸ்

வழி கிடக்கட்டும். நாளைக்கு நாலு நிலவறை என்று எழுதியிருக்கிறீர்களே, ஓட்டுவது யார்?

பிரான்ஸில் வரம்பு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம். ஊதும் கருவியில் 0.25 மி.கி. லைசென்ஸ் எடுத்துச் சில ஆண்டுகளே ஆன புது ஓட்டுநர்களுக்கு 0.2 கிராம், அதாவது ஒரு கிளாஸ்கூடக் கூடாது. 0.5-ஐத் தாண்டினால் 135 யூரோ அபராதம், பிரெஞ்சு லைசென்ஸ் என்றால் 6 புள்ளியும் போகும். 0.8-ஐத் தாண்டினால் அது குற்ற வழக்கு.

கணக்கைப் பாருங்கள். சுவைக்க ஊற்றுவது 3 செ.லி. என்று வையுங்கள் (தாராளக்காரர்கள் 5 ஊற்றுவார்கள்). ஆறு வகை சுவைத்தால் 18 செ.லி. 13 சதவீத ஒயினில் அது கிட்டத்தட்ட 19 கிராம் ஆல்கஹால். 70 கிலோ ஆணுக்கு, ஆல்கஹால் கிராமை, எடையை 0.7-ஆல் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால், சுமார் 0.38. 55 கிலோ பெண்ணுக்கு 0.6-ஆல் பெருக்க வேண்டும், வருவது 0.57. அதாவது ஒரே நிலவறையில் அவர் வரம்பைத் தாண்டிவிட்டார். ஆண் தாண்டவில்லை என்று சந்தோஷப்பட வேண்டாம், மதியச் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் குடித்தால் அவரும் அங்கே வந்துவிடுவார்.

இறங்குவது மணிக்கு 0.10 முதல் 0.15 வரைதான். காபியோ, குளிர்ந்த நீரோ, ஷூக்ரூத் எனும் புளித்த கோஸும் இறைச்சியும் சேர்ந்த தட்டோ அதை வேகப்படுத்தாது. இரவு ஒருவர் ஒரு முழு பாட்டிலை முடித்து நள்ளிரவில் படுத்தால் காலை எட்டு மணிக்கும் வரம்பின் விளிம்பில், சிலர் அதற்கு மேலேயே இருப்பார்கள். ஞாயிறு காலை ஏர்போர்ட் பயணத்தில் மாட்டுவது இப்படித்தான்.

#5 நாலுவழிச்சாலை

இரண்டு பேர் மாறி மாறி ஓட்டினால்? அப்புறம் துப்புவது மரியாதைக் குறைவில்லையா? அவர் கண்ணெதிரே அவர் செய்த ஒயினைத் துப்புவதா?

#6 கொல்மார்வாசி

மாறி மாறி என்றால் நாளுக்கு நாள் மாற வேண்டும், நிலவறைக்கு நிலவறை அல்ல. காலையில் சுவைத்தவர் மதியம் ஓட்டுகிற கணக்கு உதவாது. வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு பெயரும் இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டாமவர் ஓட்டும்போது நடப்பதற்குக் காப்பீடு வராது.

துப்புவதில் மரியாதைக் குறைவே இல்லை. க்ராஷுவார் என்று கேளுங்கள், துப்பும் வாளி வரும். ஒயின் செய்பவரே துப்புகிறவர்தான். துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகும், அதனால் ஓட்டுபவர் மூன்று வகையோடு நிறுத்துவது நல்லது.

சிறு தோட்டக்காரர்களிடம் நடப்பு இது: முந்தின நாளாவது போன் பண்ணி, ஐந்து பேர், இந்த நேரம் என்று சொல்லிவிடுங்கள். பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை மதியச் சாப்பாட்டுக்காகக் கதவு மூடியிருக்கும். செப்டம்பர் கடைசியில் பாதிப் பேர் தோட்டத்தில் அறுவடையில் இருப்பார்கள், சொல்லாமல் போய் நின்றால் மணியடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். சுவைக்கக் கட்டணம் சில இடத்தில் இல்லை, சில இடத்தில் சில யூரோ, வாங்கினால் கழித்துக்கொள்வார்கள். இலவசமாக ஊற்றுகிற வீட்டில் ஐந்து பேர் எட்டு வகை குடித்துவிட்டு ஒரு பாட்டில்கூட வாங்காமல் கிளம்புவது அழகல்ல. போன் செய்ய ஆள் இல்லையென்றால் ரிபோவில்லே கூட்டுறவு நிலவறைக்குப் போங்கள், 1895-ல் தொடங்கியது.

சுவைக்கும் வரிசை (திராட்சை வகைப்படி): சில்வானேர் அல்லது பினோ பிளாங், பிறகு ரீஸ்லிங், பினோ கிரி, கடைசியில் கெவுர்ஸ்ட்ராமினர். தாமத அறுவடை இனிப்பு வகை இருந்தால் அதற்கும் பின்னால். வரிசையை மாற்றிக் கெவுர்ஸ்ட்ராமினரை முதலில் குடித்தால், அடுத்து வரும் ரீஸ்லிங் எலுமிச்சைத் தண்ணீராகத் தெரியும். குற்றம் ரீஸ்லிங் மேல் இல்லை. சுவைக்கும் அறைக்குப் போகுமுன் வாசனைத் திரவியம் அடித்துக்கொள்ளாதீர்கள், அந்தச் சின்ன அறையில் மற்றவர்களுக்கும் சேர்த்துக் கெடும்.

ஒரே திராட்சையை இரண்டு மண்ணில் கேட்டுப் பாருங்கள். கேசர்ஸ்பெர்க் பக்கம் ஷ்லொஸ்பெர்க் கருங்கல் மண், உனாவீரின் ரொஸாக்கர் சுண்ணாம்பு மண். இரண்டு ரீஸ்லிங்கும் பக்கத்தில் பக்கத்தில் கிடைத்தால், மற்ற நாலு வகையைத் தவிர்த்துவிட்டு அந்த இரண்டை மட்டும் சுவைப்பேன்.

#7 லாசப்பல்_மாமா

தம்பி, எல்லாரும் குடிக்கிறதைப் பற்றியே கதைக்கிறியள். சாப்பாட்டு நேரம் தெரியாமல் போனால் பசியோடதான் நிக்க வேணும். மத்தியானம் பன்னிரண்டிலயிருந்து ரெண்டு, பின்னேரம் ஏழிலயிருந்து ஒன்பதரை. ரெண்டேகாலுக்குப் போய்ச் சாப்பாடு கேட்டால் தலையை ஆட்டி அனுப்பிப் போடுவினம். திங்கள், செவ்வாய் கனக்கக் கடை பூட்டு. உங்களுக்கு வெள்ளியிலயிருந்து ஞாயிறு எண்டபடியால் தப்பிட்டியள்.

ஃபிளாமகூஷ எண்டு மெல்லிய மாவில க்ரீம், வெங்காயம், பன்றித் துண்டு போட்டு விறகு அடுப்பில ஒண்டு ரெண்டு நிமிசத்தில எடுக்கிறது. அடுப்பு எரிக்க வேணும் எண்டதால கனக்க இடத்தில பின்னேரம்தான் போடுவினம். மத்தியானம் போட்டால் அது மின் அடுப்பா எண்டு கேட்டுப் பாருங்கோ. அஞ்சு பேருக்கு அஞ்சும் ஒரேயடியா ஓடர் பண்ணாதேங்கோ. ரெண்டு எடுத்து, துண்டாக்கி, கையால சுருட்டிச் சாப்பிட்டு முடிய அடுத்த ரெண்டு. மேசையில பத்து நிமிசம் கிடந்தால் க்ரீம் ஊறி மா துவண்டு போகும்.

பேக்கஓஃப எண்டால் பன்றி, மாடு, ஆடு மூண்டு இறைச்சியையும் ஒரு இரவு வெள்ளை ஒயினில ஊறவிட்டு, உருளைக்கிழங்கோட மண்சட்டியில அடுக்கி, மூடியைச் சுத்தி மாவால அடைச்சு, மணித்தியாலக் கணக்கில அவிய விடுறது. மாடு சாப்பிடாத ஆக்கள் கவனிச்சுக் கொள்ளுங்கோ, மெனுவில அதைத் தனியா எழுத மாட்டினம். சில கடையில முதல் நாளே சொல்லி வைக்க வேணும். ஷூக்ரூத் தட்டு ஒண்டு சாதாரண ஆள் ரெண்டு பேருக்குக் காணும்.

#8 பச்சைமிளகாய்

சைவக்காரர்களுக்கு, மாமா விட்டதைச் சொல்கிறேன்.

ஷூக்ரூத்தில் கோஸ் மட்டும் கொடுங்கள் என்று கேட்டு ஏமாறாதீர்கள். அந்தக் கோஸே வாத்துக் கொழுப்பிலோ பன்றிக் கொழுப்பிலோ வெந்தது. வெங்காய டார்ட்டிலும் பன்றித் துண்டு பல இடங்களில் ஒளிந்திருக்கும். கூகல்ஹொப்ஃப் எனும் வளைய ரொட்டியில் உப்பு வகை என்றால் வால்நட்டோடு பன்றியும் உண்டு. இனிப்பு கூகல்ஹொப்ஃபில் திராட்சையைக் கிர்ஷ் சாராயத்தில் ஊறப்போடுவார்கள், குடிக்காத நண்பர் கேட்டுவிட்டு வாங்கட்டும்.

நம்பிப் போகக்கூடியவை: பன்றி இல்லாத ஃபிளாமகூஷ, அதாவது 'சான் லார்தோன்' என்று சொல்லி, காளானும் சீஸும் சேர்த்தது. சீஸ் போட்டு அடுப்பில் வாட்டிய ஸ்பெட்ஸ்லே எனும் முட்டை நூடுல்ஸ். பிபெலஸ்கேஸ் என்று பூண்டும் மூலிகையும் கலந்த புதுத் தயிர்ச்சீஸ், பக்கத்தில் வறுத்த உருளைக்கிழங்கு. அந்தக் கிழங்கு எதில் வறுபட்டது என்று கேட்க வேண்டும். மன்ஸ்டர் சீஸ் கன்றின் வயிற்று நொதியில் உறைவது, கண்டிப்பான சைவத்துக்கு அது சேராது.

#9 அரைகிளாஸ்

மிளகாய்த்தூள் பொட்டலத்தோடு வருகிற கோஷ்டிக்கு ஒரு வார்த்தை. "காரத்துக்குக் கெவுர்ஸ்ட்ராமினர்" என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். லிச்சி, ரோஜா மணம் மசாலாவோடு ஒட்டும், வாஸ்தவம். ஆனால் அது பெரும்பாலும் 13.5 சதவீதத்துக்கு மேல். காரத்தின் மேல் ஆல்கஹால் விழுந்தால் எரிச்சல் கூடும். மிளகு சுக்கா, சிக்கன் வறுவல் வகைக்கு லேசான இனிப்புள்ள, ஆல்கஹால் குறைந்த ரீஸ்லிங்கோ பினோ கிரியோதான் என் கட்சி. கெவுர்ஸ்ட்ராமினரை மன்ஸ்டர் சீஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அதை மிஞ்ச ஆளில்லை.

இனிப்பு விஷயத்தில் லேபிளைப் பாருங்கள். 2021 அறுவடை முதல் இனிப்பு அளவை எழுதியே ஆக வேண்டும்: செக் என்றால் உலர், தெமி-செக் லிட்டருக்கு ஏறத்தாழ 12 கிராம் சர்க்கரை வரை, மொயெல்லே 45 வரை, அதற்கு மேல் என்றால் 'தூ', அதாவது முழு இனிப்பு. அதற்கு முந்தைய ஆண்டு பாட்டிலில் இது இல்லாமல் இருக்கலாம். சிலர் பின்பக்கம் இனிப்பு அளவைக் கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள். சாப்பாட்டுக்கு என்று பினோ கிரி வாங்கி வீட்டில் திறந்தால் பாயசம் மாதிரி இருக்கிறது என்று வருகிற புகார் எல்லாம் இதைப் பார்க்காததால்தான்.

#10 ரைன்கரை

மூன்று நாளும் திராட்சைத் தோட்டமே என்றால் கண் சலித்துவிடும். ஒரு நாள் மலைக்குப் போங்கள்.

கொல்மாரிலிருந்து டி417-ல் மன்ஸ்டர் பள்ளத்தாக்கு வழியாக ஷ்லுக்த் கணவாய், 1139 மீட்டர். அங்கிருந்து தெற்கே முகட்டுச் சாலை, ரூத் தே க்ரேத். முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படைகளுக்காகப் போட்டது. ஒஹ்னெக் 1363 மீட்டர், கிரான் பலோன் 1424 மீட்டர், அதுதான் வோஜ் மலையின் உச்சி. அங்கிருந்து செர்னே ஊருக்கு இறங்கினால் பாசல் விமான நிலையம் ஒரு மணி நேரத்துக்குள். ஆகவே இதைத் திரும்புகிற நாளில் வையுங்கள், வந்த வழியே போக வேண்டாம்.

மலை மேகத்தைத் தடுத்துக்கொள்வதால்தான் கொல்மாரில் ஆண்டு மழை 600 மி.மீ.கூடத் தேறாது, திராட்சைக்கு அது நல்லது. ஆனால் தடுக்கப்பட்ட மழை முழுவதும் முகட்டில்தான் கொட்டும். கீழே வெயில் என்று டீ-ஷர்ட்டோடு ஏறினால் மேலே ஏழெட்டு டிகிரி குறைவு, பத்தடிக்கு முன்னால் தெரியாத மூடுபனி. காலையில் ஒஹ்னெக் கேமராவைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மோட்டார் சைக்கிள்காரர்கள் வளைவில் கோட்டைத் தாண்டி வருவார்கள், ஞாயிற்றுக்கிழமை அதிகம். இறக்கத்தில் இரண்டாவது மூன்றாவது கியர். ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறிய சின்ன வண்டியில் பிரேக்கை மட்டும் நம்பினால் வாசனை வரும், அதற்குப் பிறகு பிரேக் பிடிக்காது.

மதியம் ஃபெர்ம்-ஒபெர்ஜ் எனும் பண்ணைச் சாப்பாட்டு வீடு. மார்க்கேர் சாப்பாடு என்று கேட்டால் இறைச்சி டார்ட், வெண்ணெயிலும் வெங்காயத்திலும் மெல்ல வெந்த ரொய்காப்ராகெல்டி உருளைக்கிழங்கு, புகையூட்டிய பன்றி, மன்ஸ்டர், கடைசியில் புளூபெர்ரி டார்ட். முன்பதிவு கட்டாயம். சைவம் என்றால் பதிவிலேயே சொல்லிவிடுங்கள், கிழங்கில் பன்றி சேர்ப்பார்கள். சில வீடுகளில் கார்டு செல்லாது, நோட்டு வைத்திருங்கள்.

#11 சாவிக்கொத்து

கார் விஷயம். பாசல் விமான நிலையம் இருப்பது பிரெஞ்சு மண்ணில், ஆனால் உள்ளே பிரெஞ்சுப் பக்கம், சுவிஸ் பக்கம் என்று இரண்டு. இரண்டிலும் வாடகைக் கடைகள். பதிவு செய்யும்போது பிரெஞ்சுப் பக்கம் என்று பார்த்து எடுங்கள். சுவிஸ் பக்கத்திலிருந்து வெளியே வரும் சாலை வேலிபோட்டு நேராகப் பாசல் நகரத்துக்குத்தான் போகும். திருப்பிக் கொடுக்கவும் அதே சுற்று. பக்கம் மாறி விட்டுவிட்டுப் போனால் தனிக் கட்டணம் போடுவார்கள். சுவிஸ் நெடுஞ்சாலையில் ஏறினால் 40 ஃபிராங்க் சுங்க வில்லை வேண்டும், அதனால் வரைபடத்தில் பாசல் நகரைத் தவிர்க்கச் சொல்லுங்கள்.

சென்னைக்காரர் ஓட்டுவதாக இருந்தால் இந்திய லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்கட்டும். அதை ஊரிலிருந்து கிளம்புமுன் ஆர்டிஓ-வில் எடுக்க வேண்டும். வண்டியில் எச்சரிக்கை முக்கோணமும் ஒளிரும் சட்டையும் இருக்கிறதா என்று சாவி வாங்கும்போதே பாருங்கள். சட்டை டிக்கியில் அல்ல, கைக்கெட்டும் இடத்தில்.

ஐந்து பேருக்குச் சின்ன ஹேட்ச்பேக் போதாது. எஸ்டேட் வண்டி எடுங்கள். ஐந்து பெட்டி, அதற்கு மேல் ஒயின் அட்டைப்பெட்டி. ஆறு பாட்டில் பெட்டி ஒன்று எட்டு கிலோ வரும்.

#12 அரைகிளாஸ்

பாட்டில் கொண்டுபோவது பற்றியும் முடித்துவிடலாம். அல்சாஸ் பாட்டில் நீண்டு ஒல்லியானது, மற்ற ஊர் ஒயினுக்கான அட்டையில் கழுத்து வெளியே நிற்கும். தோட்டக்காரரிடமே பெட்டி கேளுங்கள். வெயிலில் நிறுத்திய காரின் டிக்கி 50 டிகிரியைத் தொடும், தக்கை மேலே தள்ளிக் கசியும். அதனால் வாங்குவதை நாளின் கடைசி நிறுத்தத்தில் வையுங்கள், இரவு அறைக்கு எடுத்துப் போய்விடுங்கள்.

சுவிஸுக்கு ஆளுக்கு 5 லிட்டர் வரியில்லாமல், அதாவது ஆறு பாட்டில். மொத்தப் பொருள் மதிப்பு 150 ஃபிராங்குக்குள் இருக்கட்டும். பிரிட்டனுக்கு 18 லிட்டர், 24 பாட்டில். இந்தியாவுக்கு 2 லிட்டர் மட்டும், ஆகவே சென்னைக்காரருக்கு இரண்டு பாட்டில். விமானத்தில் செக்-இன் பெட்டியில்தான், ஒவ்வொன்றையும் துணியில் சுற்றி, நடுவில்.

அந்த வாரம் சாலையோரங்களில் புது ஒயின் விற்பார்கள், கலங்கலாக, இன்னும் நொதித்துக்கொண்டிருப்பது. வால்நட்டும் ரொட்டியும் சேர்த்துச் சாப்பிட அருமை. மூடியில் காற்றுப் போகத் துளை இருக்கும். அதைப் படுக்கவைத்தால் டிக்கி முழுக்க ஒழுகும், இறுக்கி மூடினால் பாட்டில் வெடிக்கும். அன்றன்றைக்கே குடித்துத் தீர்க்க வேண்டியது.

#13 நாலுவழிச்சாலை

மாற்றிய திட்டம். வெள்ளி: பிரெஞ்சுப் பக்கம் கார், எகிஸ்ஹைமில் மதியச் சாப்பாடு, மூன்று மணிக்கு ஒரு நிலவறை, கொல்மார். சனி: பெர்கைம் முதல் கேசர்ஸ்பெர்க் வரை, காலை ரிபோவில்லே கூட்டுறவு, மதியம் ஒரு சிறு தோட்டம், மாலை ஆறுக்குள் காரை நிறுத்திவிட்டு நடந்து போய் ஃபிளாமகூஷ. ஞாயிறு காலை ஒரு நிலவறை, பிறகு மலை, செர்னே வழியாக ஏர்போர்ட். வெள்ளி ஒருவர், சனி இன்னொருவர் ஓட்டுவது, ஞாயிறு முதலாமவரே. சரியா?

#14 கொல்மார்வாசி

ஞாயிறு நிலவறையை எடுத்துவிடுங்கள். சிறு தோட்டங்கள் பல ஞாயிறு மூடியிருக்கும், திறந்திருந்தாலும் மலை ஓட்டுபவருக்கு அது வேண்டாம். சனி இரவு அவருக்கு இரண்டு கிளாஸோடு சரி. சனிக்கிழமை ரிக்வீரை முதலில் வையுங்கள், ஒன்பதரைக்கு. ரிபோவில்லே பதினொரு மணிக்குப் போதும். நடுவில் உனாவீர் வழியே தோட்டங்களுக்குள் போகிற குறுக்கு மண்பாதைகளை வரைபடம் காட்டும், அவை தோட்டக்காரர் வண்டிகளுக்கு மட்டும். அறுவடையில் நடந்துகூடப் போகவிடாத இடம் உண்டு, பலகையைப் பாருங்கள்.

வெள்ளி இரவு நேரமிருந்தால் டுர்க்ஹைம். மே முதல் அக்டோபர் வரை இரவு பத்து மணிக்கு விளக்கும் ஈட்டியுமாகக் காவல்காரர் ஊரைச் சுற்றிவருவார், இலவசம். அன்றைய ஓட்டுநரும் அளவோடு குடித்திருந்தால்தான் அது நடக்கும்.

#15 லாசப்பல்_மாமா

சனி பின்னேரச் சாப்பாட்டுக்கு இப்பவே போன் அடியுங்கோ தம்பி. கொல்மாரில சனிக்கிழமை அஞ்சு பேருக்கு மேசை சும்மா போய்க் கிடைக்காது. இங்கிலீசில கதைச்சாலும் விளங்கும். ரெண்டு பேர் சைவம் எண்டதையும் அப்பவே சொல்லிப்போடுங்கோ.